இளைஞர் மன்றத்தில் கோழி வளர்ப்பு: வழிகாட்டியின் கடமை

(இளைஞர் மன்ற வழிகாட்டிகளுக்காக ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)

 

கோழிக்கு எந்தெந்த நோய் வரும், எந்தத் தீவனம் ஏற்றது, கொட்டகையை எவ்வாறு அமைப்பது என்பனவற்றையெல்லாம் மருத்துவர் அவர்கள் காலை அமர்வில் விளக்கமாக எடுத்துரைத்தார்கள். எனக்கு ஒதுக்கப்பட்டுள்ள பொருள் அதற்கு அடுத்த படி. பதினைந்து வயதுப் பையனோ, பதினாறு வயதுப் பெண்ணோ பத்துக் குஞ்சுகளுக்குப் பொறுப்பேற்கும்போது, வழிகாட்டியாக இருக்கின்ற நீங்கள் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யாதிருக்க வேண்டும் என்பதே நான் பேச வேண்டுவது. கோழி வளர்க்கத் தெரிந்தவர்கள் நம் ஊர்களில் நிறைய உண்டு. நம் பாட்டிமார் அனைவரும் அறிந்த கலை அது. கோழி வளர்ப்பின் வழியாகப் பிள்ளைகளை வளர்க்கத் தெரிந்தவர்களோ சிலரே. அச்சிலருள் நீங்களும் சேர வேண்டும் என்பதற்காகவே இம்முகாம்.

காலியான கொட்டகை

ஊர்தோறும் சென்று வருகின்றவன் என்ற முறையில் நான் அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. மன்றக் கட்டடத்தின் பின்புறத்தில் ஒரு சிறு கோழிக் கொட்டகை இருக்கும். அதன் கம்பி வலை துருவேறியிருக்கும். உள்ளே உடைந்த நாற்காலிகளும், திருவிழாவுக்குக் கட்டிய தட்டிகளும் கிடக்கும். அக்கொட்டகை திறக்கப்பட்ட நாளில் பந்தல் போட்டார்கள், பெரியவர்கள் பேசினார்கள், குஞ்சுகள் வழங்கப்பட்டன, கைதட்டல் எழுந்தது. ஆறு திங்கள் கழித்து விசாரித்தால், “எல்லாம் செத்துப்போச்சுங்க” என்ற ஒரே விடைதான் கிடைக்கும். எப்போது செத்தன, எதனால் செத்தன என்று கேட்டால் ஒருவரிடமும் விடை இராது.

இதில் நாம் இழந்தது என்ன என்று சிந்தித்துப் பாருங்கள். குஞ்சுகளின் விலை பெரிய தொகையன்று. அதை ஈடு செய்துவிடலாம். ஆனால், “கூடிச் செய்தால் ஒன்றும் உருப்படாது” என்ற முடிவுக்கு ஒரு பிள்ளை பதினைந்து வயதிலேயே வந்துவிட்டால், அந்த இழப்பை எந்தத் திட்டத்தாலும் ஈடு செய்ய இயலாது. அதன் பிறகு மரம் நடக் கூப்பிட்டாலும் அவன் வரமாட்டான். ஏரிக் கால்வாயைத் தூர் வாரக் கூப்பிட்டாலும் வரமாட்டான். கிராம சபைக்கும் வரமாட்டான். ஆகவே, காலியான கொட்டகையை நாம் சிறிய செய்தியாகக் கருதலாகாது.

1952ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நம் நாட்டில் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கப்பெற்றது. கிராமப் பணிகளில் பெரியவர்களோடு பெண்களும் இளைஞர்களும் சேர வேண்டும் என்பதற்காக மாதர் சங்கங்களும் இளைஞர் மன்றங்களும் அமைக்கப்பட்டன. 1960களில் யுனிசெப் முதலிய உலக நிறுவனங்களின் துணையோடு நடைபெற்ற ஊட்ட உணவுத் திட்டத்தில், மன்றங்கள் வளர்த்த கோழிகளின் முட்டைகளில் ஒரு பகுதியைச் சிறு குழந்தைகளுக்கும் தாய்மார்களுக்கும் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. வெள்ளை லெகார்ன், ரோட் ஐலண்டு ரெட் போன்ற அயல்நாட்டு இனங்கள் கிராமங்களுக்கு அறிமுகமாயின. அவை மிகுதியாக முட்டையிடும் இனங்களே. எனினும் நல்ல தீவனமும், தவறாத தடுப்பூசியும், அன்றாடக் கவனிப்பும் உள்ள இடத்தில்தான் அவை நிலைக்கும். பறவையைக் கொடுத்தால் போதாது, பழக்கத்தையும் கொடுத்தாக வேண்டும் என்ற பாடம் அன்றே நம்முன் வைக்கப்பட்டது. இன்றும் அப்பாடம் மாறவில்லை.

“நாமக்கல் பண்ணைகளிலிருந்து லாரி லாரியாக முட்டை போகிறது, பள்ளிச் சத்துணவிலும் முட்டை இருக்கிறது, மன்றத்துப் பிள்ளைகள் ஆளுக்குப் பத்துக் கோழி வளர்த்து என்ன ஆகப் போகிறது?” என்று கேட்பவர்களும் உண்டு. பல்லாயிரம் கோழிகள் உள்ள பண்ணையோடு போட்டியிடுவது நம் நோக்கமன்று. நாட்டுக் கோழிக்கும் அதன் முட்டைக்கும் தனி விலையும் தனி விருப்பமும் இருக்கின்றன. அதனினும் முதன்மையான காரணம் ஒன்று உண்டு. குறைந்த முதலைக் கொண்டு தொடங்கி, வளர்ப்பு, விளைவு, விற்பனை, வரவு செலவு ஆகிய அனைத்தையும் ஆறே திங்களுக்குள் ஒரு பிள்ளை தன் கண்முன்னே கண்டுவிடத்தக்க தொழில் கோழி வளர்ப்பைப் போல வேறு எளிதில் கிடைக்காது. தென்னை வைத்தவன் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். கறவை மாடு வாங்குவதற்குப் பெருந்தொகை வேண்டும். பத்துக் குஞ்சுகள் ஒரு பிள்ளையின் கைக்கு அடங்கும்.

தொடங்குமுன் தீர்மானிக்க வேண்டியவை

முதலாவது, காலம். அரசு விழா எந்த நாளில் அமைகிறதோ அந்த நாளில் குஞ்சு வழங்குவது என்ற முறையை விட்டுவிட்டு, பிள்ளைகளின் ஆண்டையும் பருவத்தின் ஆண்டையும் பார்த்து நாள் குறியுங்கள். என் யோசனை ஆவணித் திங்கள். கோடை வெயில் தணிந்திருக்கும். ஐப்பசி அடைமழை தொடங்குமுன் குஞ்சுகள் மிக மென்மையான முதல் நான்கு வாரங்களைக் கடந்துவிடும். சேவல்கள் தை மாதத்தில் விற்பனைக்கு வரும். பொங்கலையொட்டிய கறி நாளுக்கு அவற்றைத் தேடி வாங்குவார்கள். பெட்டைகள் தைக் கடைசியிலோ மாசியிலோ முட்டையிடத் தொடங்கும். பங்குனியில் பொதுத் தேர்வு வரும்போது, பிள்ளைகளுக்குக் காலையும் மாலையும் சிறிது நேர வேலையே எஞ்சியிருக்கும். தேர்வு நேரத்தில் குஞ்சுப் பருவம் வந்தால் படிப்பும் கெடும், குஞ்சும் கெடும்.

இரண்டாவது, எண்ணிக்கை. ஒருவருக்குப் பத்துக் குஞ்சுகள் போதும். ஐந்து பேர் சேர்ந்தால் ஐம்பது. முதல் நான்கு வாரங்கள் இந்த ஐம்பதையும் மன்றக் கொட்டகையில் ஒன்றாக வளர்க்கட்டும். அக்காலத்து இழப்பு அனைவருக்கும் பொது. நான்காம் வாரக் கடைசியில் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொண்டு வீட்டுக்கு எடுத்துச் செல்லட்டும். ஒவ்வொருவர் பறவைக்கும் ஒரு நிறத்தில் கால் வளையம் மாட்டிவிட்டால் தெருவில் கலந்தாலும் சண்டை வராது. பறவை வளர வளர வளையத்தையும் மாற்ற வேண்டும் என்பதை மறவாதீர்கள். சிறு வயதில் இறுக்கிக் கட்டிய நூல் காலை அறுத்துவிடும்.

இனத்தைப் பொறுத்தவரை, அடைகாத்துக் குஞ்சைக் காப்பதில் சிறுவிடைக் கோழிக்கு நிகரில்லை. ஆயினும் நாட்டுக் கோழி வீட்டு வளர்ப்பில் ஆண்டுக்கு ஏறக்குறைய 60 முதல் 80 முட்டைகளே இடும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி உருவாக்கிய நாமக்கல் கோழி-1, ஐதராபாத்திலுள்ள கோழியின ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய வனராஜா, கிராமப்பிரியா போன்ற மேம்படுத்திய இனங்கள் அதனினும் மிகுதியாக இடும்; ஆனால் அவற்றுக்கு அடையில் அமரும் குணம் குறைவு. முதல் முறை வாங்கிய குஞ்சுகளைக் கொண்டு தொடங்கினாலும், ஓர் அடைக்கோழியேனும் ஊரில் இருக்கட்டும். பத்துப் பன்னிரண்டு முட்டைகளை அடைவைத்து, 21ஆம் நாள் ஓடு உடைந்து குஞ்சு வெளிவருவதைப் பிள்ளைகள் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும். முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருந்தால் கூமுட்டைகள் மிகும் என்பது அப்போது சொல்லாமலே அவர்களுக்கு விளங்கிவிடும்.

மூன்றாவது, பெற்றோரின் வாக்குறுதி. இதனைத் தவிர்த்துவிட்டு எவருக்கும் குஞ்சு கொடுக்க வேண்டாம். நம் வீடுகளில் கோழிக்கு நரியும் கீரியும் மட்டுமே பகை என்று எண்ணலாகாது, விருந்தாளியும் பகைதான். மாப்பிள்ளை வந்தால் ஒரு சேவல் போகும். மாமன் வந்தால் ஒரு பெட்டை போகும். பிள்ளை பள்ளியிலிருந்து திரும்பிவந்து எண்ணிப் பார்க்கும்போது ஒன்று குறையும். விருந்தோம்பலை நான் குறை கூறவில்லை. “இப்பறவைகள் என் மகளுடையவை, அவளைக் கேளாமல் விற்கவும் மாட்டோம், அறுக்கவும் மாட்டோம், வீட்டுக்கு எடுத்துக்கொண்டால் சந்தை விலையைக் கொடுத்துவிடுவோம்” என்று தாயும் தந்தையும் மன்றக் கூட்டத்தில் சொல்லிக் கையெழுத்திட வேண்டும். பையனுக்கு இது வேண்டும். பெண்ணுக்கு இது மிக மிக வேண்டும். பல வீடுகளில் பெண்பிள்ளையின் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமலே போய்விடுகிறது. அது கணக்கில் ஏறுகின்ற முதல் இடமாக இந்த மன்றம் இருக்கட்டும்.

உடன் நிற்க வேண்டிய காலம்

வழிகாட்டி எந்நேரமும் பிள்ளைகளின் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கத் தேவையில்லை. ஆனால் மூன்று வேளைகளில் அவர் உடனிருந்தே ஆக வேண்டும். குஞ்சுகளின் முதல் நான்கு வாரங்கள், தடுப்பூசி நாள், விற்பனை நாள் ஆகியவையே அவை.

முதல் நான்கு வாரங்களில் குஞ்சுக்கு வேண்டுவது தாயின் சூடு. முதல் வாரத்தில் 95 பாகை பாரன்ஹீட், அதாவது 35 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். பின்னர் வாரத்துக்கு 5 பாகை பாரன்ஹீட் வீதம் குறைத்துக்கொண்டு வரலாம். தரையில் 2 அங்குல உயரத்துக்கு உமி பரப்பி, அதன்மேல் முதல் சில நாட்களுக்குத் தாள் விரித்து, சுற்றிலும் அட்டையாலோ தகரத்தாலோ வட்டமான தடுப்பு அமைக்க வேண்டும். மூலை இருந்தால் குஞ்சுகள் அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் சாகும். குஞ்சு ஒன்றுக்கு 2 வாட் என்ற கணக்கில் ஐம்பது குஞ்சுகளுக்கு 100 வாட் வேண்டும். ஒரே 100 வாட் பல்பைவிட இரண்டு 60 வாட் பல்புகள் நல்லவை. ஒன்று பழுதானாலும் மற்றொன்று விடியும்வரை காக்கும். இக்காலத்தில் வீடுகளில் எரியும் எல்.இ.டி. விளக்குகள் ஒளி தருமேயன்றிக் குஞ்சுக்கு வேண்டிய சூட்டைத் தாரா. பழைய வகைக் குண்டு பல்புகளையே தேடி வாங்க வேண்டும். மின்சாரம் நின்றால், புகையடங்கிய தணல் நிறைந்த மண்சட்டியைக் கம்பி வலையால் மூடி நடுவே வைக்கலாம். அப்போது காற்றோட்டத்தை அடைத்துவிடலாகாது. ஒருவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும்.

இவ்வளவும் ஏட்டில் இருப்பவை. வழிகாட்டி கற்பிக்க வேண்டுவது, குஞ்சைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பழக்கம். விளக்கின் கீழே நெருக்கியடித்துக் கத்தினால் குளிர். விளக்கை விட்டு விலகி, அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு. ஒரே பக்கமாக ஒதுங்கினால் மறுபக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. பரவலாகப் படுத்து உறங்கினால் எல்லாம் சரி. வெப்பமானி இல்லாத ஊரிலும் குஞ்சு இருக்கிறது அல்லவா? முதல் மூன்று இரவுகளில், பத்து மணிக்கு ஒருமுறையும் விடியற்காலை நான்கு மணிக்கு ஒருமுறையும் நீங்கள் கொட்டகைக்குச் செல்லுங்கள். காவல் முறையில் இருக்கும் பிள்ளைகளிடம், “பல்பைக் கீழே இறக்கு” என்று சொல்லாதீர்கள். “குஞ்சுகள் ஏன் இப்படி நிற்கின்றன?” என்று கேளுங்கள். விடை வர ஐந்து நிமிடமாகலாம். அந்த ஐந்து நிமிடம் பொறுத்திருக்க முடியாதவர் நல்ல கோழிக்காரராக இருக்கலாம். வழிகாட்டியாக இருக்க இயலாது.

தடுப்பூசி நாள்

நம் கிராமங்களில் வெள்ளைக் கழிச்சல் என்று வழங்கும் நோயே இராணிக்கெட் நோய். குமாவோன் மலைப்பகுதியிலுள்ள இராணிக்கெட் என்ற ஊரில் 1920களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்டதால் இந்தியாவில் அதற்கு அப்பெயர் ஏற்பட்டது. வந்தபின் அதற்கு மருந்தில்லை. வருமுன் தடுப்பது ஒன்றே வழி. ஒரு தெருவில் நுழைந்தால் ஒரு வாரத்தில் தெருவையே வெறுமையாக்கிவிடும். நான் முன்னர்ச் சொன்ன காலிக் கொட்டகைகளுக்குப் பெரும்பாலும் இதுவே காரணமாக இருந்திருக்கக்கூடும். எழுதி வைத்தவர் இல்லாமையால் உறுதியாகச் சொல்ல வழியில்லை.

முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு. இரண்டாம் வாரத்தில் கம்போரோ நோய்க்கு எதிராக ஒரு சொட்டு. நான்காம் வாரத்தில் இராணிக்கெட்டுக்கு எதிராக மீண்டும் ஒரு சொட்டு. எட்டாம் வாரத்தில் ஊசி. மருத்துவர் அவர்கள் குறித்துக் கொடுக்கும் நாட்களை மன்றச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள்.

இங்கே ஓர் உண்மையை நீங்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும். இம்மருந்து நூறு, இருநூறு, அதற்கும் மேற்பட்ட பறவைகளுக்குப் போதுமான அளவில் ஒரே குப்பியில் வருகிறது. 2 முதல் 8 பாகை செல்சியஸ் குளிரில் வைத்திருந்து, பனிக்கட்டியிட்ட குடுவையில் கொண்டுவந்து, கரைத்தபின் ஓரிரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். எனவே வீட்டில் நான்கு கோழி வைத்திருக்கும் ஒருவர் தனியே இம்மருந்தை வாங்கிப் பயன்படுத்துதல் அரிது. ஒரு மன்றத்தால் அது எளிதில் இயலும். கோழியைத் தனியே வளர்க்கலாம். கோழிக்குக் காப்பைத் தனியே தேட முடியாது. இளைஞர் மன்றம் என்று ஒன்று எதற்காக இருக்கிறது என்று கேட்கும் பிள்ளைக்கு இதைவிடத் தெளிவான விடையை நான் அறியேன்.

ஆகவே தடுப்பூசி நாளை ஊர் நாளாக்குங்கள். முதல் நாள் மாலையில் பிள்ளைகள் வீடு வீடாகச் சென்று, “கோழிகளை நாளைக் காலை திறந்துவிட வேண்டாம், பஞ்சாரத்திலேயே வைத்திருங்கள்” என்று சொல்லி வரட்டும். வீட்டுக்கு எத்தனை பறவைகள் என்ற பட்டியலை அவர்களே எழுதட்டும். மன்ற உறுப்பினரின் கோழிக்கு மட்டும் ஊசி போட்டுப் பக்கத்து வீட்டுக் கோழியை விட்டுவிட்டால் நோய் அங்கே தங்கும். கோடைக்கு முன்னர்க் கால்நடைப் பராமரிப்புத் துறை நடத்தும் முகாம்களுக்கும் இப்பட்டியல் பேருதவியாக இருக்கும். அன்று வழிகாட்டி உடனிருந்து மூன்று செய்திகளைப் பார்க்க வேண்டும்: பனிக்கட்டி உருகாமல் இருக்கிறதா, வெயில் ஏறுமுன் வேலை முடிகிறதா, நோயுற்ற பறவைகள் ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளனவா. மற்றவற்றைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

ஒதுங்கி நிற்க வேண்டிய காலம்

ஐந்தாம் வாரம் முதல் விற்பனை வரை நீங்கள் ஒதுங்கி நிற்க வேண்டும். தீவனம் எவ்வளவு வாங்குவது, தண்ணீர்த் தட்டை எங்கே வைப்பது, காகத்திடமிருந்தும் பருந்திடமிருந்தும் எப்படிக் காப்பது என்பனவற்றைப் பிள்ளைகளே தீர்மானிக்கட்டும். கம்பு, சோளம், தவிடு, முருங்கைக் கீரை, அசோலா, கரையான் என நம் ஊரிலேயே கிடைப்பவை பல உண்டு. பானையில் சாணமும் வைக்கோலும் கிழிந்த சாக்கும் இட்டு, நீர் தெளித்துக் கரையான் உள்ள இடத்தில் மாலையில் கவிழ்த்து வைத்தால், விடியற்காலையில் குஞ்சுகளுக்குப் புரத உணவு தயார். இதனைக் கற்பிக்க நீங்கள் வேண்டியதில்லை. ஊரிலுள்ள வயது முதிர்ந்த பெரியம்மா ஒருவரை மன்றத்துக்கு அழைத்து அமரச் செய்யுங்கள். பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கையும் நனைந்த தானியத்தையும் மட்டும் தொடவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். அதிலுள்ள நஞ்சு கண்ணுக்குத் தெரியாது.

இக்காலத்தில் வழிகாட்டி கேட்க வேண்டிய பொருள் ஒன்றே ஒன்று: குறிப்பேடு. நாள், வாங்கிய தீவனம், இறப்பு, இறப்பின் காரணம், முட்டை, விற்றது, வீட்டில் உண்டது என ஏழு பத்திகள் போதும். வீட்டில் உண்ட முட்டைக்கும் விலை எழுத வேண்டும். அது தங்கையின் உடம்பில் சேர்ந்த வரவு.

கணக்கு எவ்வாறு கண்ணைத் திறக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுச் சொல்கிறேன். முட்டையிடும் கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிராம் தீவனம் வேண்டும் என்று கொள்வோம். ஐந்து கோழிகளுக்கு 30 நாளைக்கு 16.5 கிலோ ஆகும். அதில் பாதியை அவை மேய்ந்தே தேடிக்கொண்டால், வாங்க வேண்டியது 8.25 கிலோ. அம்மாதத்தில் 60 முட்டைகள் கிடைத்தால், முட்டை ஒன்றுக்கு ஏறக்குறைய 138 கிராம் விலைத் தீவனம் ஆகிறது. அன்றைய தீவன விலையால் அதைப் பெருக்கினால் முட்டையின் தீவனச் செலவு வந்துவிடும். மேய்ச்சலைக் கூட்டினால் என்ன ஆகும், முட்டை குறைந்தால் என்ன ஆகும் என்று பிள்ளைகளே பென்சிலை எடுப்பார்கள். பள்ளியில் கணக்கென்றால் அஞ்சும் பையன் இங்கே அஞ்சமாட்டான். ஏனெனில் இது அவனுடைய கணக்கு.

இறப்பு வரும்போது

எவ்வளவு காத்தாலும் சில பறவைகள் சாகும். அப்போது பிள்ளையின் வருத்தத்தைப் பொறுக்காமல் வேறு குஞ்சு வாங்கிக் கொடுத்துவிடும் நல்ல உள்ளங்களை நான் அறிவேன். அவர்களிடம் என் வேண்டுகோள், அவ்வாறு செய்யாதீர்கள் என்பதே. அந்நேரத்தில் பிள்ளைக்கு வேண்டியது இன்னொரு குஞ்சன்று, காரணம்.

நம் ஒன்றியத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு பெண் சீட்டுப் போட்டு எடுத்துச் சென்ற ஒன்பது குஞ்சுகளில் நான்கு, ஐந்தாம் வாரத்தில் அடுத்தடுத்து இறந்தன. எச்சத்தில் இரத்தம் இருந்தது. அவள் அழுதாளேயன்றி எழுதுவதை நிறுத்தவில்லை. இறப்புக்கு ஆறு நாட்களுக்கு முன்னர், “தண்ணீர்த் தட்டு ஒழுகி உமி நனைந்துவிட்டது” என்று அவள் கையால் எழுதியிருந்த வரியை அவ்வூர் வழிகாட்டி அவளையே படிக்கச் சொன்னார். இறந்த குஞ்சைப் பையில் கட்டி மருந்தகத்துக்கு எடுத்துச் சென்றார்கள். ஈர உமியில் பெருகும் இரத்தக் கழிச்சல் நோய்தான் என்று மருத்துவர் உறுதி செய்து மருந்து கொடுத்தார். அன்று மாலையே மற்ற நால்வரும் தத்தம் வீட்டு உமியை மாற்றினார்கள். அவர்களிடம் ஒரு குஞ்சும் அந்நோயால் இறக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் அப்பெண் எழுந்து நின்று தன் நான்கு குஞ்சுகள் இறந்த வரலாற்றைப் படித்தாள். அவளை ஒருவரும் இரக்கத்தோடு பார்க்கவில்லை. ஆசிரியரைப் பார்ப்பதுபோல் பார்த்தார்கள்.

ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். 2006ஆம் ஆண்டு பிப்ரவரியில் மகாராட்டிரத்தின் நவாபூரில் முதன்முதலாக இந்தியாவில் பறவைக் காய்ச்சல் கண்டறியப்பட்டது. அதன் பின்னரும் பல மாநிலங்களில் அது தோன்றியுள்ளது. பல பறவைகள் திடீரென ஒருசேர இறந்தால், பிள்ளைகள் அவற்றைத் தொடக் கூடாது. விற்கவோ குளத்தில் எறியவோ கூடாது. உடனே கால்நடை மருந்தகத்துக்குச் செய்தி அனுப்ப வேண்டும். மற்ற நாட்களில் இறக்கும் பறவையைச் சுண்ணாம்பு இட்டு ஆழமாகப் புதைத்து, கையைச் சோப்பிட்டுக் கழுவும் பழக்கம் வேண்டும்.

விற்பனை நாள்

மூன்றாவதாக நீங்கள் உடன் நிற்க வேண்டியது விற்பனை நாளில். அன்று இரண்டு சிக்கல்கள் எழும்.

ஒன்று, பாசம். குஞ்சாக இருந்தபோது கையில் வைத்துக் காத்த சேவலை விற்க மனம் வராது. பிள்ளையின் கண்ணீரைக் கண்டு சிரிக்காதீர்கள். அக்கண்ணீர் நல்ல வளர்ப்பின் அடையாளம். ஆனால் இந்த நாள் வரும் என்பதை ஆவணியிலேயே சொல்லி வைத்திருக்க வேண்டும். விரும்பினால் ஒரு சேவலை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளட்டும். அதன் தீவனச் செலவையும் கணக்கில் எழுதட்டும்.

மற்றொன்று, விலை. வாசலுக்கு வரும் வியாபாரி கண் மதிப்பில் விலை சொல்வார். பிள்ளை தயங்கிக் கொடுத்துவிடும். மன்றத்தில் ஒரு தராசு இருக்கட்டும். எல்லாருடைய சேவல்களையும் ஒரே நாளில் எடைபோட்டு, சந்தை விலையை முன்கூட்டியே விசாரித்து, ஒன்றாக விற்கட்டும். புரட்டாசியில் விலை சரியும், பண்டிகையில் ஏறும் என்பதையும் அவர்கள் இதனால் அறிவார்கள். பேரத்தைப் பிள்ளைகளே பேசட்டும். நீங்கள் பக்கத்தில் நின்றால் போதும்.

பணம் யார் கைக்குப் போகிறது என்பதையும் பாருங்கள். பத்து வயது நிறைந்த பிள்ளை தன் பெயரிலேயே அஞ்சலகச் சேமிப்புக் கணக்குத் தொடங்கலாம். விற்ற பணம் முதலில் அங்கே போகட்டும். அதிலிருந்து அடுத்த குஞ்சுகளுக்கான பணத்தை ஒதுக்கிய பிறகு, அம்மாவுக்குக் கொடுப்பதும், புத்தகம் வாங்குவதும், புதுச்சட்டை எடுப்பதும் அப்பிள்ளையின் உரிமை.

அன்பர்களே! ஆண்டு முடிவில் உங்கள் மன்றம் வெற்றி பெற்றதா என்று அறிய நான் கோழிகளை எண்ணப் போவதில்லை. இரண்டாம் முறைக் குஞ்சுகளை எத்தனை பேர் தம் சொந்தப் பணத்தில் வாங்கினார்கள் என்று கேட்பேன். ஐந்து பேரில் மூவர் வாங்கியிருந்தாலும் அம்மன்றம் வேரூன்றிவிட்டது என்றே கொள்வேன். முதற்குஞ்சை அரசு கொடுக்கலாம், ஊராட்சி கொடுக்கலாம், நல்லெண்ணம் கொண்ட எவரும் கொடுக்கலாம். இரண்டாவது குஞ்சை அப்பிள்ளைதான் வாங்க வேண்டும்.

அடுத்த கூட்டம் தை மாதத்தில் இதே இடத்தில் நடைபெறும். அதற்கு வரும்போது பரிசுக் கோழி எதனையும் கொண்டுவர வேண்டாம். பிள்ளைகளின் குறிப்பேடுகளைக் கொண்டுவாருங்கள். தீவனக் கறையும் மழைத்துளியும் பட்டிருந்தாலும் குற்றமில்லை. நாள் விடாமல் எழுதியிருந்தால் போதும்.